படிகளை எண்ணிப் பார்த்தவர்

கட்டடக்கலைப் படிப்பின் மூன்றாம் ஆண்டில் நான் வடிவமைத்தது ஒரு சிறுவர் நூலகம். இரண்டு தளம், நடுவில் ஒரு முற்றம். ஆசிரியர்கள் கூடி வரைபடங்களை மதிப்பிடும் கல்லூரி ஜூரியில் நல்ல மதிப்பெண். "கருத்தாக்கம் வலுவாக இருக்கிறது" என்றார் ஒருவர். "வெளிச்சத்தைக் கையாண்ட விதம் கவிதை" என்றார் இன்னொருவர். ஒரு வாரம் தரையில் கால் படாமல் நடந்தேன். கட்டடக் கலைஞர் சங்கத்தின் கிளை ஒரு சனிக்கிழமை மாலையில் மாணவர்களின் வரைபடங்களைப் பார்க்கப்போவதாக அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியிருந்தார்கள். இன்னும் நான்கு பாராட்டு கிடைக்குமே என்றுதான் போனேன்.

நீண்ட மேசை. ஆளுக்கு இருபது நிமிடம். எனக்கு வாய்த்தவர் வயதில் மூத்த ஒரு பெண்மணி. எந்தக் கல்லூரி என்று கேட்கவில்லை. நான் கருத்தாக்கத்தை விளக்க வாயெடுத்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். பென்சிலின் பின்முனையைத் தளவரைபடத்தில் வைத்து, படிக்கட்டின் கோடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, வாய்க்குள் முணுமுணுத்தபடி எண்ணத் தொடங்கினார்.

"தளத்துக்குத் தளம் உயரம் எவ்வளவு, தம்பி?"

"3.3 மீட்டர், மேடம்."

"ரைசர் பதினெட்டு வரைந்திருக்கிறாய். அப்படியென்றால் ஒரு படி என்ன உயரம் வருகிறது?"

ரைசர் என்றால் படியின் செங்குத்தான முகம். செல்பேசியில் கணக்குப் போட்டேன். 183 மில்லிமீட்டர்.

"இங்கே வரப்போகிற குழந்தைக்கு என்ன வயது?"

"ஆறு முதல் பன்னிரண்டு."

அவர் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. பென்சிலை என் பக்கம் உருட்டிவிட்டார்.

அறைக்குத் திரும்பி உட்கார்ந்து கணக்கைப் புதிதாகப் போட்டேன். குழந்தைகளுக்கு ஒரு படி 150 மில்லிமீட்டர் என்று வைத்தால் 22 ரைசர் வேண்டும். என்னுடையது நடுவில் திரும்பி ஏறும் படிக்கட்டு. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு படி கூட்ட வேண்டும். மிதிக்கும் பலகை 300 மில்லிமீட்டர் அகலம் என்பதால் படிக்கட்டு 600 மில்லிமீட்டர் நீள வேண்டும். அந்த 600 மில்லிமீட்டரை எங்கிருந்து எடுப்பது? நடைவழியைக் குறுக்கினால் கதவு இடிக்கும். சுவரைத் தள்ளினால், கவிதை என்று பெயர் வாங்கிய ஜன்னல் தூணுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். மூன்று நாள் முட்டி மோதிவிட்டு, படிக்கட்டையே கட்டடத்தின் மறுபக்கத்துக்கு மாற்றினேன். மாற்றிய பிறகுதான் பார்க்கிறேன், நடுமேடை வெளிச்சுவரை ஒட்டி வந்து நிற்கிறது. அதைக் கொஞ்சம் அகலப்படுத்தி, தாழ்வாக ஒரு ஜன்னல் வைத்து, அதன் அடியில் ஒரு குழந்தை காலை மடக்கி உட்கார்ந்து படிக்க இடம் விட்டேன். அந்த வரைபடத்தில் இன்றும் கூசாமல் எடுத்துக் காட்டக்கூடிய மூலை அது ஒன்றுதான்.

கல்லூரி ஆசிரியர்களுக்குப் படி எண்ணத் தெரியாது என்று சொல்ல வரவில்லை. ஒரே நாளில் நாற்பது மாணவர், ஆளுக்கு ஏழெட்டு நிமிடம், முடிவில் ஒரு எண்ணைப் பட்டியலில் எழுதியாக வேண்டும். அந்த எண்ணுக்காக நானும் பேசுகிறேன், அவர்களும் கேட்கிறார்கள். மேசைக்கு எதிரே இருந்த அந்தப் பெண்மணியிடம் எனக்குக் கொடுக்க ஒன்றுமில்லை, என்னிடமிருந்து அவருக்கு ஆக வேண்டியதும் ஒன்றுமில்லை. அதனால் இருவருக்கும் நடுவே வரைபடம் மட்டும் இருந்தது. தொழில்சார் சங்கம் ஒரு மாணவனுக்குச் செய்யக்கூடிய உதவிகளிலேயே பெரியது இதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். பரிசு, உதவித்தொகை, சான்றிதழ் எல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

அப்போது சங்கம் என்றால் என்ன என்பதே எனக்குத் தெளிவாகத் தெரியாது. பட்டம் கொடுப்பது கல்லூரி. தொழில் செய்ய உரிமம் கொடுப்பது சட்டப்படி அமைந்த பதிவு மன்றம். சங்கம் இரண்டும் அல்ல. தொழிலில் இருப்பவர்கள் தாங்களாக விரும்பிச் சேர்கிற அமைப்பு. பிரிட்டனில் பதிவு செய்வது ஏ.ஆர்.பி. என்னும் வாரியம், ஆர்.ஐ.பி.ஏ. என்னும் கட்டடக் கலைஞர் கழகம் அதிலிருந்து தனி. அமெரிக்காவிலும் உரிமம் தருவது மாநில வாரியங்கள். 1857-ல் தொடங்கிய ஏ.ஐ.ஏ. என்னும் அந்நாட்டுக் கட்டடக் கலைஞர் சங்கத்தில் சேர்வதும் சேராததும் அவரவர் விருப்பம். மதிப்பெண்ணில் தகராறு என்று சங்கத்துக்கு எழுதுகிற மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். பதில் வராது, வந்தாலும் "எங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல" என்றுதான் வரும். யாரிடம் எதைக் கேட்கலாம் என்று முதலாம் ஆண்டிலேயே தெரிந்துகொண்டால் பாதி மனக்கசப்பு மிச்சம்.

மாணவர்களை ஊக்குவிப்பது சங்கங்களுக்குப் புதிய பழக்கம் ஒன்றும் இல்லை. ஆர்.ஐ.பி.ஏ. 1834-ல் தொடங்கியது. இரண்டே ஆண்டில், 1836-ல், பதக்கம் கொடுக்கத் தொடங்கிவிட்டது. முதல் பதக்கம் எதற்குப் போனது என்று கேட்டால் பெரும்பாலானோர் ஏதோ மாளிகையின் வரைபடத்துக்கு என்றுதான் சொல்வார்கள். அது போனது கான்கிரீட் பற்றிய ஒரு கட்டுரைக்கு. எழுதிய ஜார்ஜ் காட்வினுக்கு அப்போது வயது இருபதைச் சற்றுத் தாண்டியிருந்தது. பின்னாளில் கட்டுமானத் துறையின் முக்கியமான இதழ் ஒன்றுக்கு நெடுங்காலம் ஆசிரியராக இருந்தார். அந்தப் பதக்க வரிசையில் 1986-ல் இளநிலை மாணவர்களுக்கான வெண்கலப் பதக்கமும், 2001-ல் ஆய்வுக் கட்டுரைக்கான பதக்கமும் சேர்ந்தன. வரையத் தெரிந்தவனுக்குத்தான் சங்கத்தில் மதிப்பு என்று ஒதுங்கி நிற்கிற மாணவர்களிடம் இந்தக் கதையைச் சொல்வேன். எழுத வருகிறவர்களுக்கும், ஒரு பொருளைத் துருவித் துருவிப் பார்க்கிறவர்களுக்கும் இடம் அன்றைக்கே இருந்திருக்கிறது.

திருத்திய நூலகத்தை, நண்பர்கள் இருவரைச் சேர்த்துக்கொண்டு, சங்கம் நடத்திய மாணவர் போட்டிக்கு அனுப்பினோம். முதல் சுற்றுக்கே போகவில்லை. தகுதி நீக்கம். காரணம் கேட்டு எழுதியபோது ஒரு வரியில் பதில் வந்தது: தாளின் கீழ்மூலையில் கல்லூரியின் பெயர். கல்லூரித் தாள் வடிவத்தை அப்படியே எடுத்துப் பயன்படுத்தியிருந்தோம். விரல்நகம் அளவு எழுத்து. இரண்டு மாத உழைப்பை அந்த நகம் கிழித்துவிட்டது. அன்று இரவு சங்கத்தைத் திட்டாத திட்டு இல்லை.

கோபம் ஆறிய பிறகுதான் அந்த விதி யாருக்காக என்று யோசித்தேன். சர்வதேசக் கட்டடக்கலைப் போட்டிகளுக்கென்று யுனெஸ்கோ 1956-ல் ஏற்ற விதிமுறைகள் இருக்கின்றன. 1948-ல் தொடங்கிய யூ.ஐ.ஏ. என்னும் உலகக் கட்டடக் கலைஞர் ஒன்றியம் போட்டிகள் அவற்றின்படி நடக்கின்றனவா என்று கவனிக்கிறது. பெயர் மறைப்பது அவற்றில் அடிப்படையான விதி. 1981-ல் வாஷிங்டனில் வியட்நாம் போர் நினைவிடத்துக்குப் போட்டி வைத்தார்கள். வந்தவை 1,421 வடிவமைப்புகள். நடுவர்களுக்குத் தெரிந்தது எண் மட்டும். அவர்கள் தேர்ந்தெடுத்த 1026-ஆம் எண்ணைப் பிரித்துப் பார்த்தால், யேல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவி மாயா லின். வகுப்புப் பயிற்சிக்காகச் செய்ததைத்தான் அனுப்பியிருந்தார். தாளின் மூலையில் பெயரும் வயதும் இருந்திருந்தால் அவர் வடிவமைத்த கறுப்புக் கல் சுவர் இன்று அங்கே நின்றிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். என்னை வெளியே தள்ளிய விதியும் அவரை உள்ளே விட்ட விதியும் ஒன்று என்று புரிந்தபோது திட்டுவதை நிறுத்தினேன். முழுவதும் நிறுத்தவில்லை, "அனுப்பும் முன் ஒரு சரிபார்ப்புத் தாள் கொடுத்திருக்கலாமே" என்று முனகிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சரிபார்ப்பை இப்போது நானே மாணவர்களிடம் வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தாளில் பெயர் இல்லாவிட்டாலும் கோப்பின் பெயரில் இருக்கும். கோப்பின் பெயரில் இல்லாவிட்டாலும் அதன் பண்புகளில், உருவாக்கியவர் என்ற இடத்தில், உங்கள் கணினி உங்கள் பெயரைப் பதிந்து வைத்திருக்கும். மாடலின் புகைப்படத்தில் பின்னால் தொங்கும் கல்லூரிப் பதாகை இன்னொரு வினை. ஏ1 தாளில் வரைந்ததை ஒருமுறை ஏ3 அளவில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, மூன்று அடி தள்ளி நின்று பாருங்கள். அங்கிருந்து படிக்க முடியாத எழுத்தை நடுவரும் படிக்கப்போவதில்லை. முதல் சுற்றில் ஒரு வடிவமைப்புக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு நிமிடம். பிற்பாடு நானே தொண்டராக நின்று தாள்களை வரிசைப்படுத்தியபோது கண்ணால் பார்த்தது இது. பத்தி பத்தியாக எழுதிய விளக்கங்களின் பக்கம் ஒருவர் கூடத் திரும்பவில்லை. கட்டடத்தை நெடுக வெட்டி உள்ளே காட்டும் வெட்டுத்தோற்றம் நன்றாக இருந்த தாள்களின் முன்னால்தான் நின்றார்கள்.

தொண்டராக நின்றதைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். போட்டியில் தோற்றவனுக்கு அந்த வேலை கிடைத்தது தற்செயல். நாற்காலி போட ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். தாள்களைச் சுவரில் ஏற்றும்போதும் இறக்கும்போதும் நடுவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது காதில் விழும். "இவன் தூண் கட்டத்தை முதலில் போட்டுவிட்டான், பிறகு அறைகளைத் திணித்திருக்கிறான்." "மழைத்தண்ணீர் எங்கே போகிறது?" ஒரு பருவம் முழுவதும் வகுப்பில் உட்கார்ந்தால் கேட்கக் கிடைக்காத வாக்கியங்கள். சங்கத்தின் மாணவர் உறுப்பினராகி அட்டையை மட்டும் பையில் வைத்துக்கொள்வதைவிட, ஒரு மாலை நாற்காலி தூக்குவது லாபம்.

அடுத்தது பயிற்சிக் காலம். இதை எழுத இன்னும் கை கசக்கிறது. நான் சேர்ந்த அலுவலகத்தில் ஊக்கத்தொகை பற்றிக் கேட்டபோது "பார்த்துச் செய்வோம்" என்றார்கள். முதல் மாதமும் பார்த்தார்கள், நான்காம் மாதமும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பணம் போகட்டும் என்றாலும், பயிற்சிக் குறிப்பேட்டில் கையெழுத்துப் போடவும் இழுத்தடித்தார்கள். கையெழுத்து இல்லாவிட்டால் அந்தப் பருவமே கணக்கில் வராது. சங்கத்தின் கல்விக் குழுவில் இருந்த ஒருவருக்கு எழுதினேன். அவருடைய முதல் கேள்வி: "சேரும்போது ஒப்பந்தம் எழுதி வாங்கினாயா?" இல்லை. பயிற்சி மாணவர்களுக்கான மாதிரி ஒப்பந்தம் ஒன்றைச் சங்கம் எப்போதோ தயாரித்து வைத்திருந்தது. ஒரே பக்கம். வேலை நேரம், தொகை, யார் மேற்பார்வை, எத்தனை நாளுக்கு ஒருமுறை குறிப்பேட்டில் கையெழுத்து, வரைந்தவற்றில் எதையெல்லாம் போர்ட்ஃபோலியோ என்னும் வேலைத் தொகுப்பில் காட்டலாம், எல்லாம் அதில் இருந்தது. நான் தேடவும் இல்லை, யாரும் கையில் கொடுக்கவும் இல்லை.

"பணத்தைச் சங்கம் வசூலித்துத் தராது, அந்த நம்பிக்கை வேண்டாம்" என்று அவர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். ஆனால் வாரா வாரம் என்ன வேலை செய்தேன் என்று மேலதிகாரிக்கு நான் அனுப்பிவைத்த மின்னஞ்சல்கள் இருந்தன. தேதிகள் இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டு அவர் ஒருமுறை தொலைபேசியில் பேசினார். மறுவாரம் கையெழுத்து வந்தது. பணத்தில் பாதி வந்தது. மீதியை அவர்கள் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சங்கங்களால் இதில் ஒன்றும் செய்ய முடியாது என்று இதிலிருந்து முடிவு கட்ட வேண்டாம். ஆர்.ஐ.பி.ஏ. தன் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் பயிற்சி மாணவர்களுக்குச் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியமாவது கொடுத்தாக வேண்டும் என்று 2011-ல் நிபந்தனை வைத்தது. அங்கீகாரம் வேண்டுமா, கொடு, அவ்வளவுதான். அலுவலகங்களின் முதலாளிகளே உறுப்பினர்களாக இருக்கிற ஒரு சங்கம் அப்படித் தன் உறுப்பினர்களையே கட்டுப்படுத்தத் துணிவது எளிதல்ல. எந்தச் சங்கமும் மாணவர்களை எவ்வளவு மதிக்கிறது என்று அறிய, பரிசளிப்பு விழாவைப் பார்க்காதீர்கள். பயிற்சி ஊதியத்தைப் பற்றி அதன் விதிப்புத்தகம் என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

குறிப்பேடு பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் உரிமம் பெற ஆறு பிரிவுகளில் மொத்தம் 3,740 மணி நேர அனுபவத்தைப் பதிவு செய்ய வேண்டும். கட்டுமானத் தளத்தில் நிற்பது, திட்ட நிர்வாகம், அலுவலக நிர்வாகம் எல்லாம் அதில் தனித்தனிப் பிரிவு. அந்தப் பிரிவுகளை நான் என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டேன், எனக்கு அது கட்டாயமில்லை என்றாலும். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் கழிப்பறை ஓடுகளின் வரைபடம் என்ற ஒரே வேலைதான் பக்கம் பக்கமாக நிரம்பியிருந்தது. மற்ற கட்டங்கள் காலி. அந்தக் காலிக் கட்டங்களைக் காட்டித்தான் "ஒருநாள் தளத்துக்கு அழைத்துப் போங்கள்" என்று கேட்டேன். வெறும் வாயால் கேட்டபோது கிடைக்காத அனுமதி, காகிதத்தைக் காட்டியதும் கிடைத்தது.

குறை சொல்லவும் நிறைய இருக்கிறது. நாலாம் ஆண்டில் ஒரு கருத்தரங்குக்குப் போனோம். காலை ஒன்பதுக்கு வரச் சொன்னார்கள். பதினொன்று வரை குத்துவிளக்கும் பொன்னாடையும். பிறகு ஒருவர் தான் கட்டிய வீடுகளின் படங்களை நூற்றுக்கும் மேல் காட்டினார். ஒன்றில்கூட தளவரைபடம் இல்லை. மாணவர்களுக்கு என்று போட்டிருந்த கேள்வி நேரம் மதிய உணவில் கரைந்தது. கைக்கு வந்தது பங்கேற்புச் சான்றிதழ். அப்படிப்பட்ட சான்றிதழ்கள் என்னிடம் ஒன்பது இருந்தன. இன்றுவரை ஒருவரும் அவற்றைக் காட்டச் சொல்லிக் கேட்டதில்லை. போர்ட்ஃபோலியோவில் அவற்றுக்கு ஒதுக்கிய பக்கத்தை எடுத்துவிட்டு ஒரு கதவுச் சட்டத்தின் விவர வரைபடத்தை வைத்த பிறகு நேர்காணல்களில் பேச்சு நீண்டது.

மாணவர் பிரிவைப் பெரியவர்கள் நடத்தினால் இப்படித்தான் ஆகும். அமெரிக்காவில் ஏ.ஐ.ஏ.எஸ். என்ற மாணவர் அமைப்பு 1956-லிருந்து இருக்கிறது; பொறுப்பில் இருப்பது மாணவர்களே. ஸ்டூடியோ என்னும் வடிவமைப்பு வகுப்புக்காக இரவிரவாகக் கண்விழிப்பதைப் பெருமையாகக் கொண்டாடும் பழக்கத்தைக் கேள்வி கேட்டு 2002-ல் அறிக்கை வெளியிட்டது அந்த அமைப்புதான். தூக்கம் கெடுவதையும் ஜூரியில் மாணவர்களை அவமானப்படுத்துவதையும் பற்றி மூத்தவர்கள் கூடிப் பேசித் தாமாக எழுதியிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. அவர்களில் பலர் தங்கள் தூங்காத இரவுகளை இன்னும் பதக்கம் போல அணிந்திருக்கிறார்கள். நானும் கொஞ்ச காலம் அணிந்திருந்தேன். கத்தி வழுக்கி இடது சுட்டுவிரலில் ஃபோம் பலகையோடு சேர்த்து வெட்டிக்கொண்டது, விடிகாலை நாலு மணிக்கு. தழும்பு இருக்கிறது. மாடலுக்கு என்ன மதிப்பெண் வந்தது என்பது மறந்துவிட்டது.

மூத்த கட்டடக் கலைஞர்களை அணுகுவது எப்படி என்று மாணவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். "எனக்கு வழிகாட்டியாக இருப்பீர்களா?" என்று எழுதினால் பயந்துவிடுவார்கள், அது ஆயுள் ஒப்பந்தம் போல ஒலிக்கிறது. ஒரே ஒரு தளவரைபடம், ஒரே ஒரு கேள்வி. "இந்தப் படிக்கட்டை எங்கே வைத்தாலும் முற்றத்தை மறைக்கிறது, நீங்கள் என்றால் எதை விட்டுக்கொடுப்பீர்கள்?" இப்படிக் கேட்டால் பதில் எழுதாமல் இருக்க அவர்களாலேயே முடியாது. கை பரபரக்கும். பதில் வந்த பிறகு என்ன மாற்றினீர்கள் என்று ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். பெரும்பாலானோர் இந்த இரண்டாவது மின்னஞ்சலை அனுப்புவதில்லை. படி எண்ணிய பெண்மணிக்கு நான் அதை அனுப்பினேன். "ஜன்னல் அடிமட்டம் இன்னும் 100 மில்லிமீட்டர் இறங்கட்டும்" என்று மட்டும் பதில் எழுதினார். அதன் பிறகு ஆறு ஆண்டுகள் எழுதிக்கொண்டிருந்தோம்.

இப்போது அந்தச் சனிக்கிழமை மேசையில் நானும் உட்காருகிறேன். சென்ற முறை வந்தவள் இரண்டாம் ஆண்டு மாணவி. சிறிய உடற்பயிற்சி சிகிச்சை நிலையம் ஒன்றை வரைந்திருந்தாள். தரைமட்டம் வெளியிலிருந்து 450 மில்லிமீட்டர் உயரம். வாசலில் மூன்று படி, சாய்தளம் இல்லை. சரிவை 1:12, அதாவது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம், என்று வைத்தாலும் 5.4 மீட்டர் நீளம் வேண்டும், முன்பக்கம் இடம் போதாது, பக்கவாட்டுக் கதவு வழியாக வைத்துவிடம்மா என்றேன். எனக்கே பிடித்த தொனியில், பென்சிலால் கோடு போட்டும் காட்டினேன்.

"நடக்க முடியாதவர்களுக்காகத்தான் சார் இந்தக் கட்டடமே. அவர்களைப் பக்கத்துக் கதவு வழியாக வரச் சொல்வதா?"

என் கையிலிருந்த பென்சிலை வாங்கி, நான் போட்ட கோட்டின் மேல் ட்ரேசிங் தாளை விரித்தாள். வெளிவாசலிலிருந்து கதவு நேராக ஆறு மீட்டர். அந்தப் பாதையை நேராக விடாமல் முன்னாலிருந்த மரத்தைச் சுற்றி வளைத்தாள். மூன்று படியையும் அழித்துவிட்டாள். 1:20 என்று ஓரத்தில் எழுதினாள். பல நாடுகளின் விதிகளில் அவ்வளவு மெல்லிய சரிவு சாய்தளம் என்றே கணக்கில் வராது, வெறும் பாதைதான். எல்லோருக்கும் ஒரே பாதை, ஒரே வாசல்.

"ஒன்பது மீட்டர் வேண்டுமே அம்மா, வருமா?" என்று அளவுகோலை எடுத்தேன். வளைவின் மேல் துண்டு துண்டாக வைத்து அளந்தேன். 9.2 வந்தது. நம்பாமல் மறுபடி அளந்தேன். பின்னால் அடுத்த மாணவன் சுருட்டிய தாள்களுடன் காத்துக்கொண்டு நின்றான்.